அறையின் ஓசை

அவனிடம் கேட்க வேண்டாம் அம்மா, என்னிடம் கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் இந்தப் பேருந்து கயத்தாற்றைத் தாண்டிவிடும். கோவில்பட்டிக்குத்தான் போகிறோம். நீங்களும் அங்கேதானா? நல்லது, உட்காருங்கள். ஜன்னலோரம் அவனுக்கு வேண்டும், நான் நடுவில் இருக்கிறேன், இந்த ஓரம் உங்களுக்கு. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம், மேலே வையுங்கள். இது ஒன்பது நாற்பது வண்டி. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது.

இவன் என் தம்பி ஆவுடையப்பன். வயது ஐம்பத்து நான்கு. இதே பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன். அதோ விசிலோடு ஒருவர் நிற்கிறாரே, அந்த இடத்தில் பதினெட்டு ஆண்டுகள் நின்றான். ஒரு வண்டி ஒரு நிமிடம் தாமதித்தால் போதும், ஓட்டுநரின் ஜன்னலுக்கே போய்ச் சத்தம் போடுவான். இன்று அவன் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் நேரத்தில் நான்கு வண்டிகள் கிளம்பிப் போய்விடும்.

"அக்கா... நீ..."

நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறான். சாப்பிட்டேன் தம்பி, உன்னோடுதானே சாப்பிட்டேன்.

பார்த்தீர்களா? இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். வேலை முடிந்து கோவில்பட்டியில் பேருந்தை விட்டு இறங்கி, மழையில் மொபெட்டில் வீட்டுக்குப் போனவன் வழுக்கி விழுந்தான். தலையின் இடப்பக்கம் அடி. ஹெல்மெட் வண்டியின் கைப்பிடியில் தொங்கியது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. அறிவெல்லாம் இருக்கிறது, எல்லாம் விளங்குகிறது, சொல் மட்டும் வர நேரமாகிறது என்றார் மருத்துவர். "அவருக்கு நேரம் கொடுங்கம்மா" என்று என்னிடம் மூன்று முறை சொன்னார். கொடுத்தேன். ஐந்தரைக்கு எழுப்புவது, ஆறுக்கு நடை, ஏழுக்கு மாத்திரை, ஏழே காலுக்கு இட்லி, எட்டு மணிக்குச் செய்தித்தாளில் பத்து வரி உரக்க வாசிப்பது. எல்லாவற்றுக்கும் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். நான் கொடுத்ததுபோல் அவனுக்கு யாரும் நேரம் கொடுத்திருக்க முடியாது.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள். முப்பத்தோர் ஆண்டுகள். நான் பேசுவது புத்தகம்போல் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. தவறில்லை, எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒன்பது நீதிபதிகள் சொல்வதை எழுதியிருக்கிறேன். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறவர்கள் இருந்தார்கள். மீதிப் பாதியை நானே எழுதிவிடுவேன். தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தால், 'இதைத்தான் சொல்ல வந்தேன்' என்று கையெழுத்துப் போடுவார்கள். ஒருமுறைகூட அடித்துத் திருத்தியதில்லை. ஒருவர் வாயைத் திறக்கும்போதே அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

இவனுக்கு மனைவி இருக்கிறாள். செண்பகவல்லி. கோவில்பட்டியில் இருக்கிறாள், இவனும் அங்கிருந்துதான் தினமும் வேலைக்கு வந்து போனான். பிள்ளைகள் இல்லை. ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். கடலை மிட்டாய்க் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே கண்ணாடித் தாளில் மிட்டாய் மடித்துக் கொடுக்கிறாள். மாடியில் ஒற்றை அறை. மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் கையில் இவனை ஒப்படைக்க முடியுமா? மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிட்டேன், "ஒரு மாதம் என் வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று. "நீங்க சொன்னாச் சரிதான் மதினி" என்றாள். அவ்வளவுதான், எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அக்கறை உள்ளவள் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். வந்து இவனுக்கு எதிரே உட்காருவாள். இவன் அவளைப் பார்ப்பான், அவள் இவனைப் பார்ப்பாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அட்டவணையில் அந்த நேரத்துக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. வீணாகப் போகிற நேரத்துக்கு என்ன பெயர் எழுதுவது?

சரி, நான் சொல்ல வந்தது எங்களைப் படம் எடுத்த ஆவணப்படக்காரர்களைப் பற்றி.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மெர்லின் என்று ஒரு பெண், கேமரா அவளுடையது. ஜாபர் என்று ஒருவர், ஒலிப்பதிவு அவருடையது. தலைக்காயத்துக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி விழிப்புணர்வுப் படமாம். யாரை விழிக்க வைக்கப் போகிறார்களோ தெரியவில்லை. 'ஹெல்மெட்டைத் தலையில் போடு' என்று ஒரு வரி சொன்னால் முடிகிற காரியம். அதற்கு நாற்பது நிமிடப் படம். மருத்துவர் கேட்டுக்கொண்டதால் சம்மதித்தேன்.

வந்தவர்கள் முதலில் என் பீரோவை நகர்த்தினார்கள். பிறகு ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினார்கள். பகல் பதினோரு மணிக்குச் சூரியனை மறைத்துவிட்டு, உள்ளே ஒரு விளக்கைப் போட்டு, "இயற்கையான வெளிச்சம் மாதிரி இருக்கும் மேடம்" என்றாள். முகத்தில் அந்த விளக்கு அடிக்க, தம்பியின் சட்டைக்குள் மைக் குத்த, "நீங்க எப்பவும் போல இருங்க" என்று வேறு சொன்னாள். எப்போதும் என் வீட்டில் இரண்டு அந்நியர்கள் செருப்போடு நிற்பதில்லை.

கேள்விகளோ அதைவிட மோசம்.

"அண்ணா, உங்களுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்?"

இவன் ஆரம்பித்தான். "எனக்கு... எனக்கு..."

"இட்லி" என்றேன். வேறு என்ன?

"மேடம், அவர்கிட்ட கேட்டேன்."

"அவன் சொல்ல வந்ததைத்தான் சொன்னேன்."

"அவரே சொல்லட்டுமே, எங்களுக்கு அவசரம் இல்ல."

அவசரம் இல்லையாம். மூன்று நாளுக்கு அறை வாடகை கொடுத்துத் தங்கியிருக்கிறவர்களுக்கு அவசரம் இல்லையாம். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி, எல்லாவற்றுக்கும் அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டைப் பொத்தானை இவன் போடுவதைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். இவன் ஒரு பொத்தானுக்குத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? நான் போட்டுவிட்டேன். "கட்" என்றாள். அந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னாள் என்றே நினைக்கிறேன்.

நடுவில் ஒரு நாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோவில்பட்டிக்கும் போய் வந்தார்கள். செண்பகவல்லியைப் படம் எடுத்தார்களாம். மிட்டாய் மடிக்கிறவளிடம் தலைக்காயத்தைப் பற்றி என்ன இருக்கப் போகிறது?

மூன்றாம் நாள் மாலை மூட்டை கட்டும் நேரம். அந்த ஜாபர் வந்தார்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு மேடம். ரூம் டோன் எடுக்கணும்."

"அது என்ன?"

"இந்த ரூமோட சத்தம். ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. வெறும் ரூம் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணிக்குவேன். படத்த வெட்டி ஒட்டும்போது நடுவுல வைக்க வேணும்."

"அறைக்கு ஏது சத்தம்?"

"எல்லா ரூமுக்கும் ஒண்ணு இருக்கு மேடம். நாம பேசிக்கிட்டே இருக்கறதால கேக்காது."

இதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறதாம். ஆனாலும் அமைதி என்று சொன்னால் நான் அமைதியாக இருப்பேன். நீதிமன்றத்தில் பழகியவள். சோபாவில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஜாபர் காதில் அந்த மூடியை மாட்டிக்கொண்டு விரலை உயர்த்தினார். மின்விசிறி, சுவர்க் கடிகாரம், அடுத்த வீட்டுக் குழாய். வேறொன்றும் இல்லை.

இவன் வாயைத் திறந்தான். "எனக்கு..." என்றான்.

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்? பேசக்கூடாது என்று சொல்லியாயிற்று. அவனைத் தொடவும் முடியாது, அசையக்கூடாது என்றும் சொல்லியாயிற்று. ஜாபரைப் பார்த்தேன், அவர் விரலைத் தாழ்த்தவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு... செண்பகம்... மிட்டாய்... மடிக்கிற... சத்தம்... பிடிக்கும். வீட்டுக்கு... போவணும்."

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஐம்பத்திரண்டு விநாடி. இரண்டு நாள் முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான். இதைத்தான் குழப்பம் என்பது. இருக்கிற வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பவனை வேறு என்ன சொல்வது?

விரல் தாழ்ந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "பதிவு கெட்டுவிட்டது, இன்னொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தமுறை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அந்தப் பெண் கேமராவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போதும் மேடம், கிடைச்சிருச்சு" என்றாள். என்ன தொழில்நேர்த்தி பாருங்கள். கெட்டுப்போன பதிவைக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள்.

"அக்கா... நீ..."

தண்ணீர் பாட்டில் பையில்தான் இருக்கிறது தம்பி. எடுத்துவைக்க மறப்பேனா? அதை எதற்கு மறுபடி மறுபடி? இல்லையா? தலையை ஆட்டுகிறான். சரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிரு, இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆறு மாதம் கழித்துப் படத்தைப் போட்டார்கள். இங்கேதான், ஒரு கல்லூரி அரங்கில். இருநூறு நாற்காலி நிறைந்து, சுவரோரம் வேறு நின்றார்கள். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். செண்பகவல்லியையும் அழைத்திருந்தார்கள். இவனுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

படம் என்று ஒன்று எடுத்திருந்தார்கள். மெர்லின் கேட்கிறாள், இவன் "எனக்கு" என்கிறான், நான் "இட்லி" என்கிறேன். அடுத்த கேள்வி. இவன் வாயைத் திறக்கிறான், நான் சொல்கிறேன். இவன் கையைத் தூக்குகிறான், நான் சொல்கிறேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பதினான்கு. இடையில் இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அவற்றை மட்டும் ஒட்டிவைத்திருக்கிறாள். நான்காவதிலேயே அரங்கில் சிரிப்பு வந்துவிட்டது. மூளையில் அடிபட்ட மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த மட்டுக்காவது வெட்கம் இருந்தது.

பிறகு செண்பகவல்லி வந்தாள். அந்த ஒற்றை அறை. தரையில் மிட்டாய்த் தட்டு, கண்ணாடித் தாள் கட்டு. மடித்துக்கொண்டே பேசுகிறாள். "அவுக இங்க வந்துட்டாகன்னா, ஒரு பேச்சுப் பேசி முடிக்க எனக்குப் பத்துப் பொட்டலம் ஆவும். நான் பாட்டுக்கு மடிச்சிக்கிட்டு இருப்பேன். பெரிய பேச்சுன்னா இருவது. அதுக்கென்ன, மிட்டாயும் முடியும், பேச்சும் முடியும்" என்றாள்.

மனிதப் பேச்சைப் பொட்டலத்தால் அளக்கிறவள். அதற்குக் கைதட்டினார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு நிமிடம் வந்தது. ஜாபர் கேட்ட அறையின் ஓசை. அதை இடையில் ஒட்டுவதற்கு என்றுதானே வாங்கிப்போனார்கள்? முழுதாக அப்படியே போட்டிருந்தார்கள். கேமராவை அணைக்க மறந்துவிட்டாளாம் அந்தப் பெண். அப்படித்தான் என்னிடம் சொன்னாள். திரையில் நாங்கள் இருவரும் சோபாவில். என் வாய் மூடியிருக்கிறது. மின்விசிறி ஓடுகிறது. கேமரா மெல்ல மெல்ல என் மடிக்கு இறங்கியது.

என் ஆள்காட்டி விரல் அசைந்துகொண்டிருந்தது. முழங்காலில், சேலையின் மேல். எனக்கே தெரியாது. அரங்கில் இருந்தவர்கள் பதற்றம் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் ஓர் அம்மாள் அப்படித்தான் கிசுகிசுத்தாள். அது பதற்றம் இல்லை. நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு புள்ளி. அந்த இருநூறு பேரில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

இவன் 'எனக்கு' என்று சொல்லி நிறுத்தியிருக்கிறான். அடுத்த சொல் இன்னும் வரவில்லை. அதற்குள் என் விரல் வாக்கியத்தை முடித்துவிட்டது.

'எனக்கு அக்கா வீடே போதும்.'

அதை எழுதிய பிறகுதான் திரையில் இவன் 'செண்பகம்' என்றான்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மா. ஆறுதல் கேட்டு நான் இதைச் சொல்லவில்லை. படம் எடுத்தவளைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. அனுமதி இல்லாமல் ஒருவர் விரலைப் படம் எடுப்பது அநாகரிகம். முடிந்ததும் யாரோ ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தாம்மா அடிபட்டுச்சு. நானும் உங்கள மாதிரியேதான் இருந்திருக்கேன், இன்னைக்குத்தான் தெரியுது" என்று அழுதாள். என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு என்னை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது. இதுதான் அவர்கள் சொல்கிற விழிப்புணர்வு போலிருக்கிறது.

ஆனால் பதிவில் பிழை என்றால் பிழைதான். முப்பத்தோர் ஆண்டுகளில் ஒருமுறை. பிழை தெரிந்த பிறகும் அப்படியே விட்டுவைப்பவள் இல்லை நான். அடித்து, திருத்தி, ஓரத்தில் கையொப்பம் இட வேண்டும். ஆகவேதான் இந்தப் பயணம். பத்து நாள். பத்தே நாள் அவன் அங்கே இருப்பான், நானும் கூட இருப்பேன். அட்டவணையைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அவள் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும். மாத்திரைப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்த ஒற்றை அறையில் மூன்று பேர் எப்படிப் படுப்பது என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். அவன் இந்த வண்டியில் வருவதை அவளிடம் சொல்லிவிட்டேன், நானும் வருவதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, 'நீங்க சொன்னாச் சரிதான் மதினி' என்பாள். பத்து நாளில் அவளுக்கே தெரிந்துவிடும், இது அவளால் ஆகிற காரியம் இல்லை என்று.

இதோ கண்டக்டர் வந்துவிட்டார். இந்த வண்டியில் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கிளப்புவார்கள்.

"ஏ, டைம் கீப்பர் அண்ணாச்சியா? சொகமா இருக்கியளா? எம்புட்டு நாளாச்சு பாத்து. கோவில்பட்டிக்கா? ரெண்டா?"

நலமாகத்தான் இருக்கிறான். ஆமாம், கோவில்பட்டி, இர...

என்ன? கையை ஏன் பிடிக்கிறாய் தம்பி? சரி, சரி. நீயே சொல்.

"கோவில்பட்டி..."

அந்த விசில் இந்த வண்டிக்குத்தான். ஒன்பது நாற்பது ஆகிவிட்டது.

"கோவில்பட்டி..."

"ரெண்டுதான அண்ணாச்சி? கிழிச்சிருதேன், வெளிய விசில் அடிக்கான்."

கண்டக்டர், அவன் பேசிக்கொண்டிருக்கிறான். கண்ணுக்குத் தெரியவில்லையா? விசில் அடிக்கட்டும். பதினெட்டு ஆண்டு இவன் அடித்த விசிலுக்கெல்லாம் நீங்கள் உடனே கிளம்பிவிட்டீர்களா?

"...ஒண்ணு."

ஒன்றா? தம்பி, இரண்டு பேர் இருக்கிறோம்.

"ஒண்ணு. அக்கா... நீ... எறங்கு." 

...

"செண்பகம்... பஸ் ஸ்டாண்டுல... நிப்பா. நீ... எறங்கு. வண்டி... லேட்டு."

காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தானா?

"அப்ப ரெண்டு போட்டுரட்டுமாம்மா? அண்ணாச்சி ஏதோ குழம்பிப்போய்..."

அவன் குழம்பவில்லை. ஒன்று என்று சொன்னான், காதில் விழவில்லையா? ஒரு டிக்கெட் கிழியுங்கள். அவன் கையில் கொடுங்கள், என் கையில் வேண்டாம். கோவில்பட்டியில் அவன் இறங்கிய பிறகு வண்டியை எடுங்கள், அவன் இறங்க நேரமாகும்.

தம்பி, பை உன் காலடியில் இருக்கிறது. மாத்திரை பையின் மேல் பகுதியில். தண்ணீர்... தெரியும், உனக்குத் தெரியும். அட்டவணையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் அம்மா, நான் இறங்க வேண்டும். நடு இருக்கைக்கு நகர்ந்துகொள்ளுங்கள். எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்று ஆரம்பத்தில் அவனிடம்தானே கேட்டீர்கள்? மறுபடி கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அவசரம் இருந்தால் கேட்க வேண்டாம்.